மூக்கும் மீசையும் மண்டோர் பார்வையும்

“அண்ணே, உங்க தம்பி வரலையா?”

கோலாலம்பூரில் ஒரு தமிழ்த் தொடருக்கு ஆள் தேர்வு. சுங்கை சிப்புட்டில் காலை இ.டி.எஸ். ரயிலைப் பிடித்து, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி அங்கே போய் நின்றால், முதல் கேள்வி இது. கேட்ட பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டேப்லெட்டைப் பார்த்தார். கிண்டல் இல்லை. படத்தில் இருந்தவன் வேறு ஆள் என்று நிஜமாகவே நினைத்துவிட்டார்.

அந்தப் படத்துக்கு நான் 350 மலேசிய வெள்ளி கொடுத்திருந்தேன். கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டூடியோ. மாப்பிள்ளைகளுக்குச் செய்வதையே எனக்கும் செய்தார்கள். கன்னத்து அம்மைத் தழும்பு போனது. கண்ணுக்குக் கீழே இருந்த பை போனது. நிறம் இரண்டு படி ஏறியது, காதோர நரை கறுத்தது. 47 வயதில் செம்பனை ஆலையில் லோரி எடை போட்டுக்கொண்டிருந்தவன், பரிசம் போடக் கிளம்பியவன் மாதிரி இருந்தேன். வீட்டில் எல்லாருக்கும் ரொம்பப் பிடித்தது. அத்தை ஒரு படம் கேட்டு வாங்கி ஹாலில் மாட்டியிருக்கிறார், இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

அன்றைக்கு என்னை அழைத்தது 35 வயதுத் தோட்டக் கிராணி (எழுத்தர்) வேடத்துக்கு. இரண்டு வசனம் பேசிக் காட்டினேன், மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். வெளியே வரும்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தேன். அதே தொடரில் தோட்டத் தொழிலாளர்களை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவர் இருந்தார். வயது ஐம்பது, கண்டிப்பானவர், முகத்தில் தழும்பு. அந்த வேடத்துக்கு ஏற்கெனவே ஆள் முடிவாகிவிட்டது. என் அப்பா பதினெட்டு வருடம் மண்டோராக இருந்தவர். காசு கொடுத்து அழித்த தழும்பை நினைத்துக்கொண்டே தஞ்சோங் மாலிம் வரை வந்தேன்.

நடிக்க வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழா நாடகம், அப்புறம் ஈப்போவில் படப்பிடிப்பு நடந்தபோது கூட்டத்தில் ஒருவன், அப்புறம் ஒரு வசனம், இரண்டு வசனம். முழுநேர நடிகன் இல்லை. லீவு போட்டு நடிக்கிறவன். எங்கள் ஊர்ப் பக்கம் என்னைப் போல நாலைந்து பேர் இருக்கிறோம், ஒருவருக்கொருவர் இந்த விஷயங்களைச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

ஹெட்ஷாட் என்கிற சொல்லே எனக்கு அப்போது தெரியாது. ‘போட்டோ அனுப்புங்க’ என்பார்கள், அனுப்புவோம். அமெரிக்காவில் இது ஒரு தனித் தொழில். நெஞ்சுக்கு மேலே முகம் தெரிகிற படம், 8க்கு 10 அங்குலத் தாளில் அச்சடித்து, பின்பக்கம் நடித்த விவரங்களை ஒட்டிக் கையில் கொண்டுபோவது அங்கே பழைய வழக்கம். சிரித்த முகம் விளம்பரங்களுக்கு, அழுத்தமான முகம் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் என்று பிரித்தே எடுப்பார்கள். லண்டனில் ஸ்பாட்லைட் என்ற நிறுவனம் 1927லேயே நடிகர்களின் முகங்களைத் தொகுத்துப் புத்தகம் போட ஆரம்பித்துவிட்டது. நமக்கு வாட்ஸாப்தான் அந்தப் புத்தகம்.

அந்தப் புத்தகத்தை எப்படிப் புரட்டுகிறார்கள் என்பதை ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்தேன். ஈப்போவில் ஒரு படப்பிடிப்பு, மதியச் சாப்பாட்டு நேரம். ஆள் தேர்வு பார்க்கும் தங்கச்சி ஒரு கையால் மீகோரேங் சாப்பிட்டுக்கொண்டே மறு கையின் கட்டைவிரலால் போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் வேண்டும். திரையில் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பதினைந்து முகங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. கோயில் முன்னால் நின்றவர், கார் மேல் சாய்ந்தவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் பக்கத்து ஆளின் தோளோடு சேர்த்து வெட்டப்பட்டவர். விரல் நிற்கவே இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் நின்றது. இரண்டிலும் கண் தெரிந்தது, வேறொன்றும் விசேஷமில்லை.

“யார் நல்லா நடிப்பாங்கன்னு பார்க்க மாட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“அது வந்தப்புறம் பார்க்கலாம்ணே. இப்ப, பஸ் கதவைத் திறந்தா இந்த ஆளு உட்கார்ந்திருப்பாரான்னுதான் பார்க்கிறேன்.”

இந்தப் பதில் எனக்கு 350 வெள்ளியைவிடப் பெரியது. அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் போனில் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்க்காமல் அனுப்புவதில்லை. அந்த அளவிலும் கண் தெரிந்து, ஆள் யாரென்று மனசில் ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் அந்தப் படம் அத்தை வீட்டு ஹாலுக்கு.

புதுப் படம் எடுக்க நான் போனது எங்கள் ஊர்ப் பழைய ஸ்டூடியோ அண்ணனிடம். முப்பது வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்தவர். 35க்கு 50 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்புலம், சிரிக்கக் கூடாது. இப்போது குடிநுழைவு அலுவலகத்திலேயே படம் எடுத்துவிடுவதால் அவருக்கு வேலை குறைவு. “மண்டோர் மாதிரி ஒரு படம், வட்டிக்காரன் மாதிரி ஒரு படம், அப்பா மாதிரி ஒரு படம்” என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஞாயிற்றுக்கிழமை வாப்பா, கடையில வேணாம், வெளியில போகலாம்” என்றார். 60 வெள்ளி பேசினோம்.

முதலில் செம்பனை மரத்தடியில் நிற்கவைத்தார். தோட்டத்துக் களை வரும் என்பது என் யோசனை. பத்துப் படம் எடுத்துவிட்டுக் கேமராவைக் காட்டினார். கண் இரண்டும் குழிக்குள் கிடந்தன, தாடைக்குக் கீழே பச்சை பூத்திருந்தது. வெளிச்சம் மேலேயிருந்து மட்டும் விழுந்தால் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடுமாம். போதாததற்கு ஓலையின் பச்சையும் புல்லின் பச்சையும் முகத்தில் வந்து உட்காரும். கறுத்த தோலில் அந்தப் பச்சை, காய்ச்சலில் படுத்து எழுந்தவன் மாதிரி காட்டும்.

பிறகு தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான பழைய லயத்துக்குப் போனோம். இன்னும் நாலைந்து குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. மேற்குப் பார்த்த அஞ்சடி (வீட்டு முன்நடை), மணி ஒன்பது. வெயில் வீட்டுக்குப் பின்னால் இருந்தது, முன்னால் திறந்த வானம். கூரை நிழல் முடியும் விளிம்பில் ஒரு ஸ்டூல் போட்டு, வெளியே பார்த்து உட்காரவைத்தார். அப்புறம் பையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து என் மடியில் விரித்தார். எதற்கென்று புரியவில்லை. படத்தைக் காட்டினார். வேட்டியில் பட்ட வெளிச்சம் எழும்பி, கண்ணுக்குக் கீழே இருந்த இருட்டைக் கரைத்திருந்தது. கருவிழியில் பொட்டு மாதிரி ஒரு வெளிச்சம். “இந்தப் பொட்டு இல்லாட்டி நீ செத்த மீனு” என்றார். வேட்டி படத்தில் தெரியவே இல்லை.

பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் இருந்ததால் முகம் முதலில் கறுத்து விழுந்தது. கேமரா எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை அதிகமானால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், நம் முகமும் சேர்ந்து இருட்டாகும். அவர் வெளிச்சத்தை ஒரு படி கூட்டி முகத்துக்கு வைத்தார். சுவர் வெளிறிப் போனது. போகட்டுமே, சுவரையா நடிக்கக் கூப்பிடப் போகிறார்கள். வெள்ளைச் சுவர் முன் போனில் எடுத்துவிட்டு ‘கறுப்பா வந்துடுச்சு’ என்று அழகூட்டும் பொத்தானை அழுத்துகிற தம்பி தங்கைகளுக்கு இதைத்தான் சொல்வேன்: முகத்தின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தை ஏற்றினால் போதும், நிறத்தை மாற்ற வேண்டாம். அந்தப் பொத்தான் முதலில் அழிப்பது நம் முகத்தில் கதை இருக்கிற இடங்களை.

இன்னொன்று தூரம். அண்ணன் ஆறேழு அடி தள்ளி நின்று 85 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தார். அதுவரை நான் கையை நீட்டி செல்ஃபி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தவன். அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 2018இல் இதைக் கணக்குப் போட்டே வெளியிட்டார்கள்: 12 அங்குல தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடி தூரத்தில் எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியுமாம். எங்கள் குடும்பத்து மூக்குக்கு அந்த 30 சதவீதம் தேவையே இல்லை. போனில்தான் எடுக்க வேண்டுமென்றால், போனை வேறு யாரிடமாவது கொடுங்கள், அவரை ஆறடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள், இரண்டு மடங்கு ஜூம் வைக்கச் சொல்லுங்கள். கண் மட்டத்தில் போன் இருக்கட்டும்.

இனி வேடத்துக்கு வருகிறேன். நான் தப்பு செய்த இடமும் இதுதான்.

மண்டோர் படத்துக்காக முழு ஏற்பாட்டோடு போயிருந்தேன். காக்கிச் சட்டை, தொப்பி, கால்சட்டையைச் செருகிய முட்டி வரை பூட்ஸ், எங்கிருந்தோ தேடிப் பிடித்த பால் வெட்டும் கத்தி. எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் ஒரு படம் எடுத்துக் காட்டினார். தமிழ்ப்பள்ளி மாறுவேடப் போட்டியில், காகித முண்டாசும் மையில் வரைந்த மீசையுமாக ஒரு பையன் பாரதியாராக வந்து நிற்பானே, அப்படியே இருந்தது. பார்க்கிறவன் கத்தியைத்தான் பார்ப்பான். மண்டோர் எதற்குக் கத்தி பிடிக்கிறார் என்றும் கேட்பான். என் அப்பா கையில் நான் பார்த்தது கணக்குப் புத்தகமும் டார்ச் லைட்டும்தான். தோட்டத்துப் பிள்ளை நான், எனக்கே தோன்றவில்லை.

எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். மிஞ்சியது காக்கி நிறத்தில் ஒரு சாதாரணக் காலர் சட்டை. “உங்கப்பா பெரட்டுல நின்னு என்ன சொல்வாரு?” என்று கேட்டார்.

விடியற்காலை இருட்டில், பெயர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் களம். அப்பா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தாமதமாக வந்தவரைப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குள் ஒரு வாக்கியம் இருக்கும். அதை நினைத்துப் பார்த்து மனதுக்குள் சொன்னேன்: ‘ஏழு மரம் விட்டுட்டு வந்திருக்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?’

அண்ணன் மூன்று தடவை அழுத்தினார். “போதும், இறங்கு. எனக்கே பயமாயிருக்கு.”

அதற்குப் பிறகு எளிதாகிவிட்டது. வட்டிக்காரனுக்கு முறைக்கக் கூடாது என்று இருவருமே முடிவு செய்தோம், முறைக்கிற படம்தான் எல்லாரும் அனுப்புகிறார்களே. பளிச்சென்ற கறுப்புச் சட்டை, மேல் பொத்தான் ஒன்று திறந்து, லேசான புன்னகை. உள்ளே ஓடிய வாக்கியம்: ‘அவசரமே இல்லீங்க, நாளைக்குக் கொடுத்தா போதும்.’ அப்பா படத்துக்கு வெளிறிய நீலச் சட்டை, ‘சாப்பிட்டியா?’ மூன்றும் ஒரே ஸ்டூல், ஒரே அஞ்சடி. சட்டையும் வாக்கியமும் மட்டும் மாறின. சட்டைக்கு ஒரு குறிப்பு: பொடிக் கட்டம், பொடிக் கோடு வேண்டாம், திரையில் அலை அலையாக ஓடும். ஆலையின் பெயர் போட்ட டீ-சட்டையும் வேண்டாம்.

நான்காவதாக ஒரு படம் என் பிடிவாதத்துக்காக எடுத்தேன். வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, பள்ளி ஆசிரியர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

திருநீறு வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். நான் வைத்தும் எடுத்தேன், வைக்காமலும் எடுத்தேன். முதலில் அனுப்புவது வைக்காத படம். நெற்றியில் பட்டை இருந்தால் அந்த ஆளை ஏற்கெனவே பாதி எழுதிவிட்டோம் என்று ஆகிவிடும். அப்பா, கோயில் தலைவர் போன்ற வேடம் என்றால் மட்டும் மற்றதை அனுப்புவேன். இது என் வழக்கம், உங்களுக்கு வேறு தோன்றலாம்.

அனுப்புவதில் எனக்குப் பிடிபட்டவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே போகும். 8க்கு 10 அங்குலத்தில் நன்றாக அச்சாக 2400க்கு 3000 புள்ளிகள் தேவை, அந்த அளவில் ஒரு பிரதியை எப்போதும் வைத்திருக்கிறேன். கோப்பின் பெயர் கேமரா போட்ட எண்ணாக இருந்தால் அவர்கள் போனில் அது அநாதை. என் பெயரையும் வேடத்தையும் உயரத்தையும் போட்டுப் பெயர் மாற்றிவிடுவேன். பத்துப் படம் அனுப்பாதீர்கள். கேட்ட வேடத்துக்குப் பொருந்துகிற ஒன்று, முழு உருவம் தெரிகிற ஒன்று, போதும். அதற்குக் கீழே நாலு வரி: நடிக்கக்கூடிய வயது 45 முதல் 55, தமிழ், மலாய், கொஞ்சம் கேண்டனீஸ், லோரி லைசென்ஸ் உண்டு, உருமி அடிப்பேன். சிரிக்காதீர்கள், உருமிக்காகவே ஒரு நாள் வேலை கிடைத்தது.

பணம் கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘உங்கள் முகம் எங்களுக்குப் பிடித்துவிட்டது, எங்களிடம் 600 வெள்ளிக்குப் படத் தொகுப்பு எடுத்தால் வேடம் உறுதி’ என்று ஒருவர் போன் செய்தார். தேடிப் பார்த்தால் அவர்கள் எடுத்த தொடர் ஒன்றுகூட இல்லை. எங்கள் ஊர்த் தங்கச்சி ஒருத்தி கட்டிவிட்டாள், வேடம் வரவில்லை, போனையும் எடுப்பதில்லை. வேடம் தருகிறவர்கள் நமக்குத்தான் சம்பளம் தர வேண்டும். படம் எங்கே எடுப்பது என்பது நம் விருப்பம்.

புதுப் படங்களால் என்ன நடந்தது? முதலில் வந்தது மண்டோர் இல்லை, வட்டிக்காரன். ஒரு தொடர், ஒரு குறும்படம், மறுபடி ஒரு தொடர். என் மனைவி கணக்கு வைத்திருக்கிறாள். “மூணு தடவையும் பணம் கேட்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறீங்க. நம்ம வீட்டுக் கடனை யாரு கட்டுறது?” என்கிறாள். படத்துக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இல்லாததால், உள்ளே நுழைந்ததும் யாரும் டேப்லெட்டை இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. அது நிம்மதி.

ஆனால் ஒரு உறுத்தல். நம் தொடர்களில் கறுத்த முகம், தழும்பு, தடித்த மீசை என்றால் அடியாள், வட்டிக்காரன், குடிகாரன் என்று கைகள் தாமாகவே எடுத்து வைத்துவிடுகின்றன. என் படமும் அதற்கு உதவி செய்கிறது என்பது எனக்குத் தெரியும். வேலை வேண்டும், அதனால் அனுப்புகிறேன். அதற்காகத்தான் அந்த ஆசிரியர் படம். எனக்கு ஆறாம் ஆண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்னைவிடக் கறுப்பு, என்னைவிடப் பெரிய மீசை. கேட்டாலும் கேட்காவிட்டாலும் வட்டிக்காரன் படத்தோடு இதையும் சேர்த்தே அனுப்புவேன். இரண்டு வருடத்தில் ஒரே ஒரு அழைப்பு வந்தது, தலைமையாசிரியர் வேடம், ஒரு காட்சி. கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்று எழுதினேன். இயக்குநர் தம்பி, “கட்” சொல்லிவிட்டு, “சார், விடை சரியா?” என்று கேட்டார். அவர் ‘அண்ணே’யிலிருந்து ‘சார்’க்கு மாறியிருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன் போலிருக்கிறது.

வருடத்துக்கு ஒரு தடவை படத்தைப் புதுப்பிக்கிறேன். போன வருடம் எட்டுக் கிலோ குறைந்தேன், சர்க்கரை. உடனே அண்ணனிடம் போய் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் இப்போது மண்டோர் படத்தை அச்சடித்துக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார், பாஸ்போர்ட் படங்களுக்கு நடுவில். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதைக் காட்டி மிரட்டுகிறார்களாம்.

சென்ற வாரம் அந்த மீகோரேங் தங்கச்சியிடமிருந்து செய்தி. கோயில் குருக்கள் வேடம், மீசை இல்லாத படம் இன்றிரவுக்குள் வேண்டும். என்னிடம் அப்படி ஒன்று இல்லை. பதினாறு வயதுக்குப் பிறகு என் மேலுதட்டை நானே பார்த்ததில்லை. சவரக்கத்தியோடு கண்ணாடி முன் கொஞ்ச நேரம் நின்றேன். வழித்தால் மண்டோரும் போவார், வட்டிக்காரனும் போவான், திரும்பி வர ஒரு மாதமாவது ஆகும். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். கத்தியை வைத்துவிட்டு, திருநீறு வைத்த அப்பா படத்தை ஆவணமாக அனுப்பினேன். கீழே எழுதினேன்: ‘முகம் இதுதான்மா. வேடம் உறுதியானால் மீசை எடுத்துவிடுகிறேன்.’

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “ஓகேணே, செவ்வாய் வாங்க. மீசையோடயே வாங்க, நாங்க பார்த்துச் சொல்றோம்.”

செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.